மாரியோவின் ஓட்டத்தில் எட்டைக் கூட்டிய கதை

மண்டபத்தில் விசைப்படகுகளின் வயர்லெஸ், ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் ஆகியவற்றைப் பழுது பார்ப்பது என் தொழில். உப்புக் காற்று அரித்த போர்டுகளோடு நாள் முழுதும் மல்லுக்கட்டுகிறவனுக்கு வீட்டிலும் அதே வேலை வேண்டாம் என்றுதான் இருந்தேன். மாசி மாதக் கடைசியில் அக்கா மகன், பாம்பன் வீட்டுப் பரணிலிருந்து என்னுடைய பழைய டிவி கேம் பெட்டியையும் இரண்டு கேசட்டுகளையும் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து பட்டறை மேசையில் வைத்தபோது அந்த வைராக்கியம் போயிற்று. தொண்ணூறுகளின் நடுவில் சித்தப்பா துபாயிலிருந்து ஊருக்கு வந்தபோது கொண்டுவந்த பெட்டி அது. இலங்கையின் ரூபவாஹினி தெரிவதற்காக மொட்டை மாடியில் கட்டியிருந்த ஆண்டெனாவின் வயரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இதன் வயரைச் செருகித்தான் விளையாடுவோம். அப்பா கடலிலிருந்து வந்து டிவி முன் உட்கார்வதற்குள் மறுபடி மாற்றிவிட வேண்டும்.

பெட்டியை உயிர்ப்பித்ததில் புதுமை ஒன்றும் இல்லை. கேசட் செருகும் 60 கால் ஸ்லாட்டில் பாசி படர்ந்தாற்போல் பச்சை ஏறியிருந்தது; ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் பழைய பல் பிரஷும் கொண்டு அதை எடுத்தேன். கேசட்டின் விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்தேன். 7805 ரெகுலேட்டர் ஒழுங்காக 5 வோல்ட் கொடுத்தது, ஆனால் அதன் பக்கத்திலிருந்த 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வாய் பிளந்து கிடந்ததால் மாற்றினேன். படத்தை ஆண்டெனா அலையாக மாற்றும் ஆர்எஃப் பெட்டிக்குள் நுழைவதற்கு முன்பே வீடியோவையும் ஆடியோவையும் பிடித்து ஏவி வயராக வெளியே இழுத்துக்கொண்டேன். அரை நாளில் திரையில் மாரியோ நின்றான்.

மருமகன் பதினான்கு வயதுக்காரன். இதே விளையாட்டைக் கைப்பேசியில் எமுலேட்டர், அதாவது பழைய பெட்டியைப்போல் நடிக்கும் மென்பொருள், வழியாக ஆடிப் பழகியவன். இரண்டு நிமிடம் ஆடிவிட்டு ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தான். “என்ன மாமா, நோக்காட்டுல கெடந்து எந்திரிச்சவன் மாதிரி ஓடுறான்?” என்றான். எனக்குச் சுருக்கென்றது. நான் பத்து வருடம் ஆடிய விளையாட்டு, என் நினைவில் அது எப்போதும் இந்த வேகம்தான். ஆனாலும் அவன் சொன்னதை அளந்து பார்க்காமல் மறுப்பது தொழிலுக்கு அழகில்லை.

அளப்பதற்கு ஓர் எளிய வழி இருந்தது. சூப்பர் மாரியோ பிரதர்ஸின் முதல் தளத்தில் நேரம் 400 என்று தொடங்கி இறங்கும். திரையை ஒருமுறை எழுதி முடிப்பது ஒரு பிரேம்; அந்த எண் 24 பிரேமுக்கு ஒருமுறை ஒன்று குறையும்படி எழுதப்பட்டிருக்கிறது. நொடிக்கு 60 பிரேம் ஓடினால் 400 தீர்ந்துபோக 160 நொடி ஆகும். மாரியோவைத் தொடங்கிய இடத்திலேயே நிறுத்திவைத்து, கைப்பேசியின் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டோம். அவன் சாகும்போது 192 நொடி ஆகியிருந்தது. 400-ஐ 24-ஆல் பெருக்கி 192-ஆல் வகுத்தால் சரியாக 50 வரும். பையன் சொன்னது உண்மை. இந்தப் பெட்டி நொடிக்கு 50 பிரேம்தான் ஓடுகிறது, ஆறில் ஐந்து பங்கு வேகம்.

காரணம் டிவியில் இருக்கிறது. 1983-இல் ஜப்பானில் வெளிவந்த ஃபேமிகாம் என்ற நின்டென்டோ பெட்டி, அந்நாட்டு டிவி முறைக்கு ஏற்ப நொடிக்கு ஏறத்தாழ 60 முறை திரையை எழுதியது. நம் ஊர் டிவி பால் முறையில் 50 முறை எழுதுவது. நம்மிடம் வந்தவை பெரும்பாலும் அந்த ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல் பெட்டிகள். என் பெட்டியைத் திறந்தால் உள்ளே யுஎம்சி என்று பொறித்த இரண்டு பெரிய ஐசிகள் இருக்கின்றன: 6527பி என்பது மூளை, 6538 என்பது படம் எழுதுவது. இந்த ஜோடியை வடிவமைத்தவர்கள் கெட்டிக்காரர்கள். ஜப்பானியப் பெட்டி ஒரு திரைக்கு 262 வரி எண்ணும், இது 312 வரி எண்ணும். கூடுதலாக வரும் அந்த 50 வரியை வெறுமனே ஓடவிட்டு, பழைய விளையாட்டுகள் குழம்பாமல் பார்த்துக்கொண்டார்கள். மூளையின் கடிகாரத்தையும் மூலத்துக்கு மிக நெருக்கமாக, 1.79 மெகாஹெர்ட்சுக்குப் பதில் 1.77 என்று வைத்தார்கள். அதனால்தான் பாட்டின் சுருதி ஏறத்தாழ அப்படியே இருக்க, தாளம் மட்டும் இழுக்கிறது. சுருதியைத் தீர்மானிப்பது மூளையின் கடிகாரம்; அடுத்த ஸ்வரம் எப்போது என்பதைத் தீர்மானிப்பது பிரேம்.

அப்படியானால் கடிகாரத்தை வேகமாக்கிவிட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. போர்டில் இருப்பது 26.6017 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். அதை 15-ஆல் வகுத்தால் மூளைக்கு, 5-ஆல் வகுத்தால் படத்துக்கு, 6-ஆல் வகுத்தால் 4.4336 மெகாஹெர்ட்ஸ், அதாவது பால் முறையில் நிறத்தைச் சுமந்து வரும் அலை. மூன்றும் ஒரே தாய்க்குப் பிறந்தவை. இது தெரிந்திருந்தும் கை சும்மா இருக்கவில்லை; பழைய விஜிஏ கார்டு ஒன்றிலிருந்து எடுத்து வைத்திருந்த 28.322 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைச் சால்டர் வைத்து மாட்டிப் பார்த்தேன். நிறம் முழுதும் போய்விட்டது, படம் சாய்ந்து சாய்ந்து உருண்டது, பாட்டும் கீச்சுக்குரலில் ஏறியது. இத்தனை சேதத்துக்கும் கிடைத்த வேகம் நூற்றுக்கு ஆறரைதான். எனக்குத் தேவை நூற்றுக்கு இருபது. பழைய கிரிஸ்டலையே திருப்பி மாட்டினேன். பெட்டியை வேகப்படுத்த முடியாது என்றால், விளையாட்டுக்குள் இருக்கும் எண்ணைத்தான் வேகப்படுத்த வேண்டும். விளையாட்டின் விதியையே மாற்றும் குறுக்குவழிக் குறியீடான சீட் கோட் பக்கம் நான் போனது இப்படித்தான்.

சீட் கோட் என்றதும் என் தலைமுறைக்குப் பிரவுசிங் சென்டர்தான் நினைவுக்கு வரும். வைஸ் சிட்டி என்ற கணினி விளையாட்டில் ஆன்ஸ்பீட் என்று இடைவெளியில்லாமல் தட்டினால் ஊரே இரட்டை வேகத்தில் ஓடுவதுபோல் ஆகிவிடும்; ஸ்டார்கிராஃப்டில் ஆபரேஷன் க்வால் என்று தட்டினால் கட்டடங்கள் கண்மூடித் திறப்பதற்குள் எழும்பும். இவையெல்லாம் விளையாட்டைச் செய்தவர்களே உள்ளே வைத்துவிட்டுப் போன கதவுகள். 1986-இல் கிரேடியஸ் விளையாட்டை ஃபேமிகாமுக்கு மாற்றிய கசுஹிசா ஹாஷிமோட்டோ, சோதித்துப் பார்ப்பதற்கு அது தனக்கே கடினமாக இருந்ததால் மேல்-மேல்-கீழ்-கீழ் என்று தொடங்கும் அந்தப் புகழ்பெற்ற வரிசையை உள்ளே வைத்தார். நாம் அறியாமலே வேறொரு வகையையும் ஆடியிருக்கிறோம். ஒரே கேசட்டில் இலட்சக்கணக்கான விளையாட்டு என்று பட்டியல் போட்டு வந்தவற்றில் உண்மையில் சில விளையாட்டுகளே இருக்கும். மற்ற பெயர்களெல்லாம் அதே விளையாட்டை வேறு தளத்திலிருந்தோ, வேறு எண்களோடோ தொடங்கிவைப்பவை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அன்று திட்டினோம். பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஒரு சீட் கோட் என்று இப்போதுதான் புரிகிறது.

மாரியோவில் செய்தவர்கள் வைத்துவிட்டுப் போன வேகக் கதவு கிடையாது. ஆகவே எனக்கு வேண்டியது வெளியிலிருந்து உள்ளே கைவைக்கும் வகை. அதற்கு இலக்கணம் எழுதியது கேம் ஜீனி என்ற கருவி. இங்கிலாந்தின் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் வடிவமைத்து, அமெரிக்காவில் கலூப் நிறுவனம் விற்றது. நின்டென்டோ வழக்குப் போட்டு, 1992-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. கேசட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே அது உட்கார்ந்துகொள்ளும். மூளை ஒரு குறிப்பிட்ட முகவரியிலிருந்து ஒரு பைட்டைக் கேட்கும்போது, கேசட் சொல்லும் விடையை மறைத்துவிட்டு, தான் ஒரு விடையைச் சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. நம் ஊரில் அந்தக் கருவியை நான் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் அதன் குறியீடு ஒன்றைக் காகிதத்தில் பிரித்துப் பார்த்த பிறகுதான் எனக்கு இந்த வேலை பிடிபட்டது.

மாரியோவுக்கு முடிவில்லாத உயிர் தரும் குறியீடு எஸ்-எக்ஸ்-ஐ-ஓ-பி-ஓ என்ற ஆறு எழுத்து. கேம் ஜீனியில் 16 எழுத்துகள்தான் உண்டு; ஒவ்வொன்றும் 0 முதல் 15 வரை ஓர் எண், அதாவது 4 பிட். ஆறு எழுத்துக்கு 24 பிட். அதில் 15 பிட் முகவரி, 8 பிட் புதிய மதிப்பு, மீதி ஒரு பிட் குறியீடு ஆறெழுத்தா எட்டெழுத்தா என்று சொல்வது. இவற்றை வரிசையாக வைக்காமல் சீட்டுக்கட்டுபோல் கலைத்துப் போட்டிருக்கிறார்கள். கலைத்ததை அடுக்கினால், பதினாறடிமான எண்முறையில் முகவரி 91டி9, மதிப்பு ஏடி என்று வருகிறது. அந்த முகவரியில் கேசட்டில் இருப்பது சிஇ. சிஇ என்றால் அந்த மூளையின் மொழியில் ‘இந்த நினைவிடத்தில் உள்ள எண்ணில் ஒன்றைக் குறை’ என்று பொருள். நினைவிடம் 075ஏ, அங்கே இருப்பது உயிர்களின் எண்ணிக்கை. ஏடி என்றால் ‘அந்த எண்ணை எடுத்துப் பார்’ என்று மட்டும் பொருள். குறைக்கச் சொன்ன இடத்தில் பார்க்கச் சொன்னால் உயிர் எப்படிக் குறையும்? அடுத்த வரி, எண் சுழிக்குக் கீழே போயிற்றா என்று சோதிக்கிறது. குறைத்தாலும் பார்த்தாலும் அந்தச் சோதனைக்கு வேண்டிய குறி ஒரேபோல் கிடைப்பதால் விளையாட்டுக்குச் சந்தேகமே வருவதில்லை. ஒரு பைட். இதை எழுதியவரை நேரில் பார்த்தால் ஒரு டீ வாங்கிக் கொடுப்பேன்.

இனி என் எண்ணைத் தேட வேண்டும். மஞ்சள் நிற ஒற்றை மாரியோ கேசட்டைத் திறந்தபோது கறுப்புப் பொட்டு வைத்து மூடிய போர்டாக இல்லாமல் 28 காலுடைய இரண்டு ஐசிகள் தனித்தனியாக நின்றது என் அதிர்ஷ்டம். ஒன்றில் நிரல், 32,768 பைட். மற்றதில் படங்கள், 8,192 பைட். இரண்டையும் உருவி, மல்டிமீட்டரில் ஒவ்வொரு காலும் ஸ்லாட்டின் எந்தக் காலுக்குப் போகிறது என்று தொடர்ச்சி பார்த்து எழுதிக்கொண்டு, ஐசிகளைப் படிக்கவும் எழுதவும் உதவும் புரோகிராமர் என்ற கருவியில் வைத்துப் படித்தேன். படித்த இரண்டையும் ஒட்டி, முன்னால் எமுலேட்டர் கேட்கும் 16 பைட் தலைப்பைச் சேர்த்தால் 40,976 பைட் கொண்ட ஒரு கோப்பு. அதை மடிக்கணினியில் எஃப்சிஇயுஎக்ஸ் எமுலேட்டரில் திறந்தேன்.

நினைவகம் மொத்தமே 2 கிலோபைட் என்பதால் தேடல் சுலபம். மாரியோ நிற்கும்போது சுழியாக இருந்து, ஓடும்போது ஏறி, முழு ஓட்டத்தில் மாறாமல் நிற்கும் இடம் எது என்று ஐந்தாறு முறை வடிகட்டினால் 0057 என்ற இடம் மிஞ்சும். நடக்கும்போது 24, பி பொத்தானை அழுத்தி ஓடும்போது 40. அலகு ஒரு பிக்சலில் பதினாறில் ஒரு பங்கு. ஆக 40 என்றால் ஒரு பிரேமுக்கு இரண்டரை பிக்சல். கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சியில் அந்த இடத்தை 48 என்று உறையவைத்தேன். மாரியோ எந்தப் பொத்தானையும் தொடாமலே புறப்பட்டு ஓடி, கும்பா என்ற காளான் எதிரிகளில் முதலாவதன் மேல் மோதிச் செத்தான். மறுபடி பிறந்து, மறுபடி ஓடிச் செத்தான். மருமகன் விழுந்து விழுந்து சிரித்தான். 0057 என்பது மாரியோ இந்த நொடியில் போகும் வேகம். அதைக் கட்டிப்போட்டால் நிற்கவும் முடியாது. எனக்கு வேண்டியது அவன் போகக்கூடிய உச்ச வேகம்.

உச்ச வேகம் 0456-இல் இருக்கிறது. அந்த இடத்தில் யார் எழுதினாலும் ஓட்டத்தை நிறுத்து என்று எமுலேட்டரில் பொறி வைத்தேன். பொறியில் சிக்கிய வரிக்கு முந்திய வரி, கேசட்டுக்குள் இருக்கும் ஒரு சிறு அட்டவணையிலிருந்து எண்ணை எடுத்துக்கொண்டிருந்தது. அட்டவணையில் அடுத்தடுத்து 40, 24, 16, 12: ஓட்டம், நடை, நீருக்கடியில் தரையில் நடப்பது, குழாய்க்குள் தானாக நடந்து போகும் காட்சி. அதற்கு நேர்முன்னால் இடப்பக்கத்துக்கான எதிர்மறை எண்கள். இந்த விளையாட்டை ஆடிய எல்லோருடைய கைவிரலிலும் இருக்கும் அந்த ஓட்டம் இந்த நான்கைந்து பைட்டுகள்தான் என்று பார்த்தபோது, வலையை முதன்முதலாகப் பிரித்துப் பின்னும்போது கண்ணியின் அளவு தெரிந்ததுபோல் இருந்தது.

50 பிரேமில் இழந்ததை மீட்க, 40-ஐ ஐந்தால் வகுத்து ஆறால் பெருக்க வேண்டும்: 48. மீதியில்லாமல் வந்து நின்றது. ஒரு பிரேமுக்கு 3 பிக்சல், நொடிக்கு 50 பிரேம், ஆக 150 பிக்சல். ஜப்பானியப் பெட்டியில் இரண்டரையை 60-ஆல் பெருக்கினாலும் அதே 150. நடைக்கு 28.8 வரும், 29 என்று வைத்தேன். நீருக்கடி நடைக்கு 19.

எழுதுவதற்கு முன் எமுலேட்டரிலேயே ஆசைக்குக் கொஞ்சம் ஏற்றிப் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேகக் குறியீடுகள் எங்கே உடையும் என்பது அங்கேதான் தெரிகிறது. 64 வைத்தால் ஒரு பிரேமுக்கு 4 பிக்சல். இந்த விளையாட்டு சுவரில் மோதியவனை, வேகத்தைச் சுழியாக்கி, பிரேமுக்கு ஒரு பிக்சல் வீதம் வெளியே தள்ளுகிறது. வேகம் கூடும்போது சுவருக்குள் அவன் புதையும் ஆழமும் கூடுவதால், குழாயில் இடித்தவன் சேற்றில் கால் மாட்டியவன்போல் சற்று நின்று வெளியே வந்தான். 96 வைத்தால் வேறு சிக்கல். திரை 32 பிக்சல் நகரும்தோறும், முன்னால் வரவேண்டிய நிலத்தை எட்டுத் தவணையாக, ஒரு பிரேமுக்கு ஒரு தவணை என்று எழுதுகிறார்கள். பிரேமுக்கு 4 பிக்சலுக்கு மேல் தொடர்ந்து ஓடினால் எழுதுகிறவர் பின்தங்குவார், ஓடுகிறவர் முந்துவார். தண்டவாளம் போடுவதற்கு முன்னே ரயில் வந்த கதை. 128-ஐத் தொட்டால் கேட்கவே வேண்டாம்: பைட்டின் மேல் பாதி எதிர்மறை எண்ணாகப் படிக்கப்படும், வலப்பக்கம் என்று சொன்னது இடப்பக்கமாகிவிடும். அந்தக் காலத்து விளையாட்டில் வேகம் என்பது குழாயைத் திறந்து விடுகிற தண்ணீர் அல்ல. மற்ற எண்கள் அனுமதிக்கும் அளவுக்குத்தான் ஏறும்.

எண்களைக் கேசட்டுக்குள் ஏற்ற 27சி256 என்ற ஐசி வேண்டும். 32,768 பைட் கொள்ளும், நிரலின் அளவும் அதுவே. பழைய எக்கோ சவுண்டர் போர்டில் ஒன்று கிடந்தது. தலையில் கண்ணாடி ஜன்னல் உள்ள இந்த வகையில் உள்ளிருப்பதை அழிக்க ஜன்னல் வழியே புறஊதா ஒளி படவேண்டும். அதற்கான விளக்கு என்னிடம் இல்லை. ஐசியின் தரவுத்தாளில், நேர் வெயிலில் வைத்தால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அழிந்துவிடும், ஆகவே ஜன்னலை மூடிவையுங்கள் என்று எச்சரிக்கை உண்டு. மண்டபத்து வெயிலைவிட மலிவான விளக்கு எது? மொட்டை மாடியில் அம்மா நெத்திலி காயப்போட்டிருந்த வலைக்கு அடியில், தெர்மோகோலில் கால்களைக் குத்தி, ஐசியையும் காயவைத்தேன். காலையில் நெத்திலியோடு மாடிக்குப் போகும், மாலையில் நெத்திலியோடு இறங்கும். நெத்திலி இரண்டு நாளில் கருவாடானது. ஐசி எட்டாம் நாள்தான் எல்லா பைட்டும் வெறுமை என்று புரோகிராமரில் காட்டியது. பட்டறைக்கு வந்தவர்களில் ஒருவர், இதென்ன தம்பி வாடை அடிக்கிற ஐசி என்று கேட்டது நியாயம்தான்.

அவ்வளவு பொறுமைக்குப் பிறகு ஒரு முட்டாள்தனம் செய்தேன். எமுலேட்டருக்காகச் செய்த கோப்பைத் திருத்திவிட்டு, அதே கோப்பையே ஐசியில் எழுதிவிட்டேன். கோப்பு ஐசியைவிடப் பெரியது என்று புரோகிராமர் எச்சரித்தது. படங்களின் 8,192 பைட்டைத்தான் சொல்கிறது, அது இங்கே தேவையில்லை என்று நினைத்து மேலே போனேன். பெட்டியில் மாட்டினால் ஒரே நிறத்தில் வெற்றுத்திரை. தலைப்பின் 16 பைட்டும் உள்ளே ஏறி, நிரல் முழுவதையும் 16 இடம் கீழே தள்ளியிருந்தது. மூளை விழித்ததும் எங்கே தொடங்குவது என்று பார்க்கும் முகவரி நிரலின் கடைசி ஆறு பைட்டுக்குள் இருக்கிறது. அது ஐசிக்கு வெளியே விழுந்துவிட்டது. இன்னும் எட்டு நாள் வெயிலுக்குக் காத்திருக்க மனமில்லாமல் புறஊதா விளக்குப் பெட்டி ஒன்றைத் தபாலில் வரவழைத்தேன். இருபது நிமிடத்தில் அழித்தது. இதை முதலிலேயே வாங்கியிருக்கலாம் என்று அம்மா சொன்னார்கள்.

தலைப்பை வெட்டி எறிந்துவிட்டு எழுதினேன். கேசட்டில் நிரல் இருந்த இடத்தில் 28 கால் சாக்கெட்டைச் சால்டர் செய்து ஐசியைச் செருகினேன். மாரியோ ஓடினான், நிஜமாகவே ஓடினான். ஆனால் மருமகன் முதல் பள்ளத்தைத் தாண்டுவதற்குள் இரண்டு குறைகளைக் கண்டுபிடித்தான். ஓடிக் குதித்தால் எதிர்பார்த்த இடத்தையும் தாண்டிப் போய் விழுகிறான். நடந்து குதித்தால் வழக்கத்தைவிட உயரமாக எழும்புகிறான்.

முதலாவது, நான் எதிர்பார்த்திருக்க வேண்டியது. ஓட்டத்தைத் திருத்தினேனே தவிர குதியைத் திருத்தவில்லை. காற்றில் அவன் இருப்பது ஏறத்தாழ 56 பிரேம்; முன்பு அதற்குள் 140 பிக்சல் போனவன் இப்போது 168 பிக்சல் போகிறான். ஒரு கல் 16 பிக்சல் என்றால், ஏறத்தாழ இரண்டு கல் தூரம் கூடுதல். இரண்டாவது குறைதான் என்னை ஒரு மாலை முழுவதும் உட்காரவைத்தது. குதியின் உயரம் அந்த நேரத்து வேகத்தைப் பொறுத்தது. வேகத்தை 9, 16, 25, 28 என்ற நான்கு படிகளோடு ஒப்பிட்டு, எந்தப் படிக்கு மேல் இருக்கிறதோ அதற்குரிய குதியைக் கொடுக்கிறார்கள். பழைய நடை 24, மூன்றாம் படிக்குக் கீழே. நான் வைத்த நடை 29, நான்காம் படிக்கு மேலே. நடக்கிறவனை ஓடுகிறவன் என்று விளையாட்டு நம்பிவிட்டது. படிகளையும் ஐந்துக்கு ஆறு என்ற கணக்கில் ஏற்றி 11, 19, 30, 34 ஆக்கியதும் அந்த மயக்கம் தீர்ந்தது.

குதியைத் திருத்துவது பள்ளிக்கூடத்து இயற்பியல். வேகம் 1.2 மடங்கு என்றால் கீழே இழுக்கும் விசை அதன் இருமடி, 1.44 மடங்கு. ஓடிக் குதிக்கும்போது மாரியோ பிரேமுக்கு 5 பிக்சல் வீதம் எழும்புகிறான். பொத்தானைப் பிடித்திருக்கும்வரை அந்த வேகம் பிரேமுக்கு ஒரு பிக்சலில் 256-இல் 40 பங்கு குறைகிறது, விட்டதும் 144 பங்கு. 5-ஐ 6 ஆக்கி, 40-ஐ 58 ஆக்கி, 144-ஐ 207 ஆக்கினேன். பழைய உச்சி 80 பிக்சல். புதியதைக் கணக்குப் போட்டால் 79-க்குச் சற்று மேல். ஐந்து கல் உயரத்தில் ஒரு பிக்சல் குறைவதை யார் பார்க்கப் போகிறார்கள்? நின்றும் நடந்தும் குதிப்பதில் இவ்வளவு சுத்தமாக வரவில்லை. அங்கே எழும்பும் வேகம் 4, அதன் 1.2 மடங்கு 4.8, அட்டவணையிலோ முழு எண்ணுக்குத்தான் இடம். 5 என்று வைத்து, உயரம் மாறாதபடி இழுவிசையை 32-இலிருந்து 50-க்கும், 30-இலிருந்து 47-க்கும் ஏற்றினேன். உயரம் சரி, நேரம் மட்டும் இம்மியளவு குறைவு, கைக்குத் தெரியவில்லை. விழும் வேகத்தின் உச்சவரம்பு 4, அதையும் 5 ஆக்கினேன். கடைசியாக நேரம் இறங்கும் 24 பிரேமை 20 ஆக்கினேன். இதுவும் ஓட்டத்தைப் போலவே மீதியில்லாமல் பொருந்தியது. ஐரோப்பாவில் விற்ற மாரியோவுக்கு நின்டென்டோவே 50 பிரேமுக்கு ஏற்றபடி ஓட்ட வேகத்தைத் திருத்தி வெளியிட்டது என்பதைப் பின்னால்தான் படித்தேன். நகல் பெட்டிக்காரர்கள் நமக்குத் தந்தது ஜப்பானியப் பதிப்பை.

இரண்டாவது முறை எழுதி மாட்டும்போது சித்திரை பிறந்து, மீன்பிடித் தடைக்காலமும் தொடங்கிவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்த நாட்களில்தான் எல்லாப் படகின் பெட்டிகளும் ஒன்றாக என் பட்டறைக்கு வரும். மேசையில் ஒன்பது ஜிபிஎஸ்களுக்கு நடுவே ஒரு மூலையை ஒதுக்கி டிவி கேமை வைத்தோம். ஸ்டாப்வாட்ச் இந்த முறை 160 நொடி காட்டியது. மருமகன் 1-1 என்ற முதல் தளத்தை ஒரு மூச்சில் ஓடி முடித்தான். கைப்பேசியில் பழகிய விரல் எங்கேயும் தடுமாறவில்லை, ஓரிடம் தவிர: கும்பாக்கள். அவை பிரேமுக்கு அரை பிக்சல் வீதம் பழைய நடையிலேயே வருகின்றன. மாரியோ மிதிக்க வேண்டிய நேரத்துக்குச் சற்றுப் பிந்தி வருவதால், இரண்டு முறை தாண்டிக் குதித்துவிட்டான். 8 என்று இருப்பதை 10 ஆக்கினால் போதும், ஆனால் ஒவ்வொரு எதிரிக்கும் ஒவ்வோர் இடத்தில் எண் இருக்கிறது. படகுக்காரர்கள் வரிசையில் நிற்கும்போது அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஐசியின் ஜன்னல் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அதன்மேல் ஒரு வெள்ளைத் தாளில் 48, 29, 58, 20 என்று எழுதிவைத்தேன். கேசட்டின் மஞ்சள் மூடியை மாட்டி ஸ்க்ரூ போடும்போது மருமகன் கேட்டான், “பாட்டு மட்டும் இன்னும் இழுக்குதே மாமா, அதுக்கும் ஒரு எண்ணு இருக்கும்ல?” இருக்கிறது. எந்த ஸ்வரம் எத்தனை பிரேம் என்று தனியாக ஓர் அட்டவணையே இருக்கிறது. எனக்கு அந்தப் பாட்டு அப்படித்தான் பழக்கம் என்று சொல்லி நான்காவது ஸ்க்ரூவையும் முறுக்கினேன்.